கேட்டாச்சு என்றொரு ஃபிளாக்

பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கணினியைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. பிரிண்டர் ஓடவில்லை என்றால் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும். இயங்குதளத்தின் அடிவயிற்றில் கைவிட்டு வேலை பார்த்தவள் நான், பிரிண்டருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் நம்புவதாக இல்லை.

அப்படியிருக்க, போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஷாலினி ஃபோன் செய்தாள். நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது இருப்பவள். லினக்ஸில் கோப்புகளைக் காத்திராமல் படிப்பதற்குப் புது ஏற்பாடு வந்திருக்கிறது, நம் பழைய நிரல்களையெல்லாம் அதற்கு மாற்றுகிறோம் என்றாள். இரண்டு வளையங்களாம். ஒன்றில் 'இந்தக் கோப்பைப் படித்துக் கொடு' என்று கோரிக்கை போட வேண்டும். வேலை முடிந்ததும் பதில் இன்னொரு வளையத்தில் வந்து விழும். கேட்பதற்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று, இரண்டும் கலக்கவே கலக்காது. "ஒங்க காலத்துல இத எப்படிக்கா பண்ணுனீங்க? எழுதித் தாங்களேன், புது ஆளுங்களுக்குக் காட்டணும்" என்றாள்.

சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பதிலுக்குத் தனி வளையம் என்று அவள் சாதாரணமாகச் சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் கேட்டதைத்தான் எழுதுகிறேன். படித்த பிறகு புது ஆட்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும்.

நான் மலாக்காவில் மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். டிப்ளமா முடித்து, ஆயர் குரோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் டேப் மாற்றுவது, கேபிள் இழுப்பது, அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை பொறுக்குவது என்று போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ஹாஜா பாயைப் பற்றித்தான்.

ஹாஜா மைதீன் எங்கள் பிரிவின் தலைவர். மலாக்கா டவுனில் மசாலா சாமான் கடை வைத்திருந்த குடும்பம். அண்ணன்மார் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் கணினிப் பக்கம் வந்துவிட்டார். கடை அவரை விடவில்லை. அங்கே சாமான் நிறுக்குமுன் வாடிக்கையாளர் கேட்டதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் தராசில் கை வைப்பார்களாம். அலுவலகத்திலும் அதே பழக்கம். நாம் ஒன்று சொன்னால் அதைத் தன் வாயால் ஒரு முறை சொல்லிப் பார்ப்பார். நிரலைத் திரையில் படிக்கவே மாட்டார். அச்செடுத்து மேசையில் விரித்து, பென்சிலின் பின்பக்கத்தை வரிக்கு வரி ஓட்டிக்கொண்டு, உதடு அசையப் படிப்பார். பென்சில் நின்ற இடத்தில் பிழை என்று அர்த்தம். ஆனால் திட்டமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அவரிடம் போய் "முடிஞ்சது பாய்" என்று சொன்னால் ஒரே கேள்விதான் வரும். "யாருக்கு முடிஞ்சது?"

முதலில் எனக்கு அது வெறும் குதர்க்கமாகத்தான் பட்டது. போகப் போகத்தான் புரிந்தது. ஒரு கோப்பை எழுதினால், எழுதிய நிரலுக்கு வேலை முடிந்திருக்கும், இயங்குதளத்துக்கு முடிந்திருக்காது. இயங்குதளத்துக்கு முடிந்திருக்கும், டிஸ்க்குக்கு முடிந்திருக்காது. அவரவர் கையை விட்டுப் போனதும் அவரவர் முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தில் மனிதர்களும் அப்படித்தான் என்பதால் அந்தக் கேள்வியை நான் வேறு பல இடங்களிலும் பயன்படுத்தியிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஹாஜா பாய், நான், குணா மூவரும் தமிழர். குணா டுரியான் துங்கால் எஸ்டேட்டுக்காரன். கை வேகம், வாய் அதைவிட வேகம். நிரலில் ஃபிளாக் என்று ஒன்று உண்டு. இது ஆகிவிட்டதா இல்லையா என்று குறித்து வைக்கும் சின்ன அடையாளம். மற்ற பிரிவுகளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பார்கள். குணாதான் விளையாட்டாகத் தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் போட ஆரம்பித்தான். பிழை வந்தால் போய் விழும் பகுதிக்கு 'ஐயோ' என்று பெயர். நிரலை நிறுத்தும் பகுதிக்கு 'போதும்'. ஹாஜா பாய் அச்செடுத்த தாளில் அதைப் பார்த்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் பெயர் வைத்தால் அர்த்தத்தை யோசித்துத்தான் வைப்பீர்கள், அது நல்லதுதான் என்றார். பிறகு அவரே அப்படி வைக்கத் தொடங்கினார்.

அப்போது மலாக்காவில் ஒரு தனியார் கிளினிக்குக்கு நிரல் எழுதினோம். பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்து அங்கேயே சோதிக்கும் இயந்திரம் வைத்திருந்தார்கள். அது ஒவ்வொருவருடைய முடிவையும் ஒரு கோப்பாக எழுதி வைக்கும். எங்கள் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, நோயாளியின் பெயரோடு சேர்த்துத் திரையில் காட்டி, தாளில் அச்சிட்டுத் தரும். முதலில் எழுதிய நிரல் கோப்பு வரும்வரை அப்படியே நின்றது. நெட்வொர்க் மந்தமானால் திரை உறைந்துவிடும். கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸிகள், தாதிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், மவுஸைத் தட்டித் தட்டிச் சலித்து எங்களுக்கு ஃபோன் போட்டுத் திட்டுவார்கள். காத்திராமல் படிக்கும் முறைக்கு மாற்றிவிடலாம் என்று ஹாஜா பாய் முடிவு செய்தார்.

அந்த முறை இதுதான். எந்தக் கோப்பு வேண்டும் என்று இயங்குதளத்திடம் சொல்லி, வந்ததைப் போடுவதற்கு நினைவகத்தில் ஓர் இடத்தையும் காட்டிவிட வேண்டும். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். அதற்குப் பிறகு நிரல் தன் போக்கில் வேறு வேலை பார்க்கலாம். கோப்பு முழுவதும் வந்து சேர்ந்ததும் இயங்குதளம் தகவல் சொல்லும். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது போலத்தான். விதி ஒன்றே ஒன்று. தகவல் வரும்வரை பஃபரை எட்டிப் பார்க்கக் கூடாது. அது காலியாக இருக்காது. முன்னால் சாப்பிட்டவரின் இலை எடுக்காத மேசை மாதிரி, முந்தைய ஆளுடையது அதில் அப்படியே கிடக்கும்.

கோப்பைக் கேட்டு வாங்கும் பகுதியை ஹாஜா பாயே எழுதினார். வாங்கியதைத் திரையில் காட்டி அச்சிடும் பகுதியைக் குணா எழுதினான். நான் ஜாசின் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கு அனுப்பப்பட்டிருந்தேன், இதில் என் கை படவில்லை. நிரல் ஓடியது. திரை உறையவில்லை. மிஸ்ஸிகள் திட்டுவதை நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினார்கள்.

பல மாதம் கழித்து அந்தக் கிளினிக்கிலிருந்து லெட்சுமி மிஸ்ஸி என்னைக் கேட்டு ஃபோன் செய்தாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். "விமலா, பெருசு பண்ணிடாத. அடுத்தடுத்து வந்த ரெண்டு பேருக்கு ஒரே நம்பரு வந்துருக்கு. எல்லா டெஸ்டும். புள்ளிகூட மாறல." அந்த இரண்டாவது ஆள் இறந்துவிட்டார் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள்.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த முனியாண்டி என்ற ஓய்வுபெற்ற லாரி டிரைவர். சிறுநீரகம் பாதி பழுது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் வெளியேறாமல் தங்கிவிடும், அது ஏறினால் இதயம் நின்றுபோகும். அதனால் வாழைப்பழம், இளநீர், பலா மாதிரிச் சுளையுள்ள டுரியான் எதுவும் ஆகாது. மனிதருக்கு டுரியான் என்றால் உயிர். கடைசியாக வந்த அன்று தாளில் எல்லா எண்ணும் நன்றாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினார். டுரியான் சீசன். போகிற வழியில் ரோட்டோரக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவர் மனைவி அஞ்சலை ஒரு சின்னப் பழம் வாங்கினார். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து அவர்தான் கொன்றவர். சாவு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒரே மகன் அம்மாவைப் பார்த்து, அப்பாவை டுரியான் கொடுத்துக் கொன்றுவிட்டாய் என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சில்லை. அவர் சமைத்ததை மகன் தொடுவதில்லை, பார்சல் வாங்கி வந்து தன் அறையில் சாப்பிடுகிறார். லெட்சுமி மிஸ்ஸியின் அக்கா அதே வரிசையில் குடியிருந்ததால் அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் அவளைப் பழைய தாள்களை எடுத்துப் பார்க்க வைத்தது.

கிளினிக்குக்குப் போய் இயந்திரத்தில் இருந்த மூலக் கோப்புகளைத் திறந்தேன். இயந்திரம் எந்தத் தவறும் செய்யவில்லை. முனியாண்டியின் உண்மையான எண் அதில் இருந்தது. அன்று கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே அவருக்குப் பொட்டாசியம் அபாயத்தில் இருந்திருக்கிறது. அந்த எண் தாளில் வந்திருந்தால் டாக்டர் அங்கிருந்தே ஆம்புலன்ஸ் வரவழைத்திருப்பார். தாளில் அவர் பெயருக்குக் கீழே இருந்தது அவருக்கு முன்னால் வந்தவருடைய ரத்தம்.

இரண்டு பகுதிகளையும் அச்செடுத்து ஹாஜா பாய் மாதிரியே பென்சில் ஓட்டிப் படித்தேன். பிழை கண்ணில் படவில்லை. அவருடையது தனியாகச் சரி, குணாவுடையது தனியாகச் சரி. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரு ஃபிளாக் மட்டும். அதற்குப் பெயர் 'கேட்டாச்சு'.

ஹாஜா பாயிடம் போய் இதற்கு என்ன அர்த்தம் என்று சாதாரணமாகக் கேட்டேன். ஃபைலைக் கொடு என்று கேட்டாச்சு, வேறென்ன என்றார். குணாவிடம் தனியாகக் கேட்டேன். "அதான்கா, வந்துருச்சுன்னு இயங்குதளம் சொன்னது நம்ம காதுல கேட்டாச்சு லா" என்றான். அப்படியென்றால் ஹாஜா பாய் அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் இன்னொரு ஃபிளாக், 'வந்தாச்சு', எதற்கு என்றேன். அது நோயாளி கிளினிக்குக்கு வந்தாச்சு என்று நினைத்து அதைத் தொடவே இல்லை என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது.

வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் நம்மிடம் ஒரே சொல். ஆங்கிலத்திலோ மலாயிலோ பெயர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கோப்பைக் கேட்டதுமே ஹாஜா பாயின் நிரல் 'கேட்டாச்சு' என்று குறித்தது. பதில் வந்துவிட்டதாக எண்ணி, குணாவின் நிரல் உடனே பஃபரை எட்டிப் பார்த்து அச்சிட்டது. மற்ற நாட்களில் கோப்பு கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அன்று நெட்வொர்க் மந்தம். அவ்வளவுதான்.

ஹாஜா பாய்க்குத் தாளைக் கொடுத்தேன். பென்சில் அந்தச் சொல்லின் மேல் நின்றது. அவர் உதடு அதை ஒரு விதமாகவும் பிறகு இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. பென்சிலை மேசையில் வைத்தார். "ரெண்டு பேரும் சரியாத்தான்மா எழுதியிருக்கோம்" என்றார். தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அந்தாளு செத்துட்டாரே" என்றார்.

திருத்தம் அன்றே போய்விட்டது. அதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. மற்றதுதான் முடியவில்லை. டைரக்டர் எங்கள் மூவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கிளினிக்கில் நெட்வொர்க் தாமதம் என்று அறிக்கை போகும் என்றார். அது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். ஏற்கனவே நோயாளி, பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது, நாம் வாயைத் திறந்தால் வழக்கு வரும், இத்தனை பேர் வேலை போகும் என்றார். குடும்பத்தாரிடம் யாரும் பேசக் கூடாது, இது உத்தரவு. குணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அது எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த மௌனத்துக்காக அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஹாஜா பாய் மட்டும், அந்த அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டார். அது நம் வேலையில்லை என்று பதில் வந்தது.

பல நாள் அவர் அதே கேள்வியோடு டைரக்டர் அறைக்குப் போய்வந்தார். பிறகு ஒரு நாள் ராஜினாமா கொடுத்துவிட்டார். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஊழியராக இருந்தால்தானே உத்தரவு, வெளியே வந்துவிட்டால் என் வாய் என்னுடையது என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. "போன உயிரு திரும்பியா பாய் வரப் போவுது? எதுக்கு இந்தச் சூசா, இந்தத் தொல்லை?" என்று கேட்டேவிட்டேன்.

"அது வராதும்மா," என்றார். "அந்தம்மா உயிரோடதானே இருக்காங்க."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் வழக்குப் போடவில்லை. நிறுவனம் நன்றாகவே நடந்தது. ஹாஜா பாயின் நாற்காலியில் குணா உட்கார்ந்தான், அவனுக்குக் கீழே நான் வருடக்கணக்கில் வேலை பார்த்தேன். அவனும் நானும் அந்தக் கிளினிக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நிரலில் தமிழ்ப் பெயர் வைக்கும் வழக்கம் அன்றோடு போனது. ஹாஜா பாய் அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். கணினி வேலைக்குத் திரும்பவே இல்லை. இப்போது அவரும் இல்லை.

வேலையை விட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிம்பாங் அம்பாட் போகிறேன், கூட வருகிறாயா என்று கேட்டார். தெரியாத ஆண்பிள்ளை தனியாகப் போய் நின்றால் அந்த அம்மா பேச மாட்டார்கள் என்றார். எனக்கு உத்தரவு இன்னும் இருந்தது. நான் பேசமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிப் போனேன். வழியில் ரோட்டோரத்துக் கடைகளில் டுரியான் குவித்து வைத்திருந்தார்கள். கார் கண்ணாடியை ஏற்றிய பிறகும் வாசனை போகவில்லை.

சின்ன வரிசை வீடு. கேட்டுக்கு உள்ளே மகன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளினிக் விஷயமாக அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும் தலையால் உள்ளே காட்டிவிட்டுக் கழுவுவதைத் தொடர்ந்தார். அஞ்சலை அம்மா எங்களை வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பால் விடாத கோப்பி ஓ கலக்கிக் கொண்டுவந்தார். குரல் மிகவும் சின்னது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். ஹாஜா பாய் கோப்பியைத் தொடவில்லை. முதலில் சொல்லிவிடுகிறேன் என்றார்.

கணினி வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் சொன்னார். "ஒங்க வீட்டுக்காரரு ரத்தத்த மெஷின் சரியாத்தான்மா பாத்துச்சு. ரொம்ப அதிகம், ஆபத்துன்னு அதுல இருந்துச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள எங்க புரோகிராம் அவசரப்பட்டு, அவருக்கு முன்னாடி வந்தவரோட நம்பர எடுத்து இவரு பேருல போட்டுக் குடுத்துருச்சு. அத எழுதுனது நான்." நாங்கள் என்று சொல்லவில்லை. குணாவின் பெயரை எடுக்கவே இல்லை.

அஞ்சலை அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான தாள் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். ஹாஜா பாய், தெரியாது என்றார். "ஆனா நீங்க கடையில வண்டிய நிப்பாட்டுறதுக்கு முன்னாடியே அவருக்கு ஏறியிருச்சும்மா. சரியான பேப்பரு வந்திருந்தா நீங்க அந்த ரோட்டுக்கே போயிருக்க மாட்டீங்க. நேரா ஆஸ்பத்திரிதான்."

"அப்ப அந்தப் பேப்பருல இருந்தது வேற ஆளோடதா?"

"ஆமாம்மா."

"அவரு நல்லா இருக்காரா?"

ஹாஜா பாய் என்னைப் பார்த்தார். நல்லா இருக்கிறார் என்று நான்தான் சொன்னேன். நல்லது என்று தலையை ஆட்டினார் அந்த அம்மா.

வெளியே தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மகன் ஈரக் கையோடு வாசலில் நின்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். ஹாஜா பாய் எழுந்து நின்று, முதலிலிருந்து, அதே வார்த்தைகளில் சொன்னார். அடிப்பார் என்று நான் நினைத்தேன். ஹாஜா பாயும் அப்படி நினைத்திருக்க வேண்டும், இரண்டு கைகளையும் தொங்கவிட்டு அசையாமல் நின்றார். மகன், அப்போது அம்மா மேல் தப்பு, என்று தொடங்கி அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்தினார். இல்லப்பா என்றார் ஹாஜா பாய். மகன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் அவர் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அஞ்சலை அம்மா மகனுக்குப் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. ஹாஜா பாயைப் பார்த்து, அவரிடம்தான் சொன்னார்.

"ரெண்டு சொளதான் குடுத்தேன். இன்னும் ஒண்ணு வேணும்னாரு. அதான் நல்ல ரிப்போர்ட்டு வந்துருச்சே, குடேன்னாரு. ஒடம்புக்கு ஆவாதுன்னு நான்தான் மூடி வச்சுட்டேன். கடைசியாக் கேட்டத நான் குடுக்கல."